சன்மார்க்கத்துக்குப் புதியவரா? பசியிலிருந்து தொடங்குங்கள்

மனம் நிலைகொள்ளவில்லை, செய்தியைத் திறந்தால் பயமாக இருக்கிறது, வேலையிலும் நிம்மதி இல்லை, வீட்டிலும் நிம்மதி இல்லை, வள்ளலார் காட்டிய சன்மார்க்க வழியில் ஏதாவது பயிற்சி சொல்லுங்கள் என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். பெரும்பாலும் அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு தியான முறை. எத்தனை நிமிடம் உட்கார வேண்டும், எந்தத் திசை பார்க்க வேண்டும், மூச்சை எப்படி விட வேண்டும் என்றுதான் முதல் கேள்விகள் வரும். அங்கே தொடங்குகிறவர்களில் பலர் கொஞ்ச நாளில் சோர்ந்து விட்டுவிடுவதைப் பார்க்கிறேன். தன் மனதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், ஏற்கெனவே கலங்கியிருக்கிற மனம் இன்னும் கொஞ்சம் கலங்கத்தான் செய்யும்.

வள்ளலார் திறந்து வைத்த வாசல் வேறு. அவர் வாழ்க்கையின் வரிசையைப் பார்த்தாலே அது புரியும். 1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்தார். சென்னை ஏழுகிணறு பகுதியில் வளர்ந்தார். 1858-இல் சென்னையை விட்டுக் கிளம்பி, பிறகு கருங்குழியில் தங்கினார். 1865-இல் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்து அடுப்பை மூட்டினார். வழிபாட்டுக்கான சத்திய ஞானசபை திறந்தது 1872 ஜனவரி 25 அன்றுதான். அதாவது, சோறு போடும் இடம் வந்து சுமார் ஐந்து வருடம் கழித்துத்தான் ஜோதி காட்டும் இடம் வந்தது. ஜீவகாருண்யமே, அதாவது உயிர்களிடம் காட்டும் இரக்கமே, மோட்ச வீட்டின் திறவுகோல் என்றார் அவர். புதிதாக வருகிறவர்கள் இந்த வரிசையை அப்படியே பின்பற்றினால் போதும் என்பது என் உறுதியான எண்ணம். முதலில் சாலை, அப்புறம் சபை.

தொடங்குவதற்கு முன்

தீட்சை வாங்க வேண்டியதில்லை. கட்டணம் இல்லை. வெள்ளை உடை உடுத்துவது அவரவர் விருப்பம். உங்கள் குலதெய்வத்தை விட்டுவிட்டு வா என்று யாரும் உங்களை வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் சாதி, சமய வேற்றுமைகளைத் தூக்கிக்கொண்டு இந்த வழியில் ரொம்ப தூரம் நடக்க முடியாது. அதை மட்டும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு வயிற்றைத் தேர்ந்தெடுங்கள்

பசியை வள்ளலார் எழுதியது போல இன்னொருவர் எழுதி நான் படித்ததில்லை. கண் பஞ்சடைந்து குழிந்து போவது, காது கும்மென்று அடைப்பது, நா உலர்ந்து வறள்வது, கை கால் துவள்வது, பேச்சு குளறுவது, அறிவே மயங்குவது என்று உடம்பின் ஒவ்வோர் இடமாகச் சொல்லிக்கொண்டு போவார். கிட்டத்தில் நின்று பார்த்தவரால்தான் அப்படி எழுத முடியும். அதனால் நீங்களும் கிட்டத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும். அன்னதானத்துக்குப் பணம் அனுப்புவது நல்லது. ஆனால் தொடக்கத்தில் அது போதாது. கையால் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எங்கே போவது? வெகு தூரம் தேட வேண்டாம். அரசு மருத்துவமனை வளாகத்துக்கு மதியம் பன்னிரண்டரை மணி வாக்கில் போய்ப் பாருங்கள். உள்ளே படுத்திருக்கும் நோயாளிக்குச் சாப்பாடு வந்துவிடும். கூட இருக்கும் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ பல இடங்களில் அது கிடைக்காது. வெளியூரிலிருந்து மாற்றுச் சேலை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருப்பார்கள். டீயும் பன்னும் வைத்தே இரண்டு நாள் ஓட்டியிருப்பார்கள். இருக்கிற பணத்தை மாத்திரைக்கும் ஸ்கேனுக்கும் ஒதுக்கிவிட்டு, தன் வயிற்றில் கை வைத்திருப்பார்கள். அவர்கள் கையேந்த மாட்டார்கள். அதனால்தான் அவர்களை முதலில் சொல்கிறேன். உங்கள் தெருவிலேயே தனியாக இருக்கும் முதியவர், கட்டட வேலைக்கு வந்து கூலி தாமதமானதால் தவிக்கும் குடும்பம், விடுதியில் மாதக் கடைசியில் காலைச் சாப்பாட்டை விட்டுவிடும் மாணவர் என்று பார்க்கப் பார்க்கத் தெரியும்.

கொடுக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் தடுமாறுவது இங்கேதான்.

வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பொட்டலம் போதும். ஐம்பது பேருக்கு என்று தொடங்கினால் சமையலே பெரும்பாடாகி அடுத்த வாரம் கை தளர்ந்துவிடும். வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு பானையில் போட்டு வாருங்கள். நம் பாட்டிமார்கள் காலத்துப் பழக்கம் இது. வாரக் கடைசியில் அந்த அரிசியிலேயே சமைத்துவிடலாம்.

புளிசாதம், எலுமிச்சை சாதம் மதியம் வரை தாங்கும். சாம்பார் சாதம் வெயிலில் சீக்கிரம் ஊசிவிடும். தயிர்சாதம் என்றால் சாதத்தைப் பாலில் நன்றாகக் குழைத்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுக் கலந்தால் சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக உறைந்திருக்கும், புளிக்காது. வயதானவர்களுக்கு என்றால் காரத்தைக் குறைத்து, சாதத்தைக் கொஞ்சம் குழைய வடியுங்கள். பல் இல்லாதவருக்குச் சுண்டல் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டப்படும். தண்ணீர் பாட்டிலும் கூடவே போகட்டும். வாழை இலை வைத்துக் கட்டினால் மணமும் நன்றாக இருக்கும், தட்டும் தேட வேண்டாம்.

போனதும் பொட்டலத்தை நீட்டாதீர்கள். முதலில் பக்கத்தில் உட்காருங்கள். 'எந்த ஊர்ம்மா? யாருக்கு உடம்பு சரியில்ல?' என்று கேளுங்கள். அப்புறம், 'வீட்டுல சமைச்சது, உங்களுக்கும் சேர்த்துக் கொண்டு வந்தேன், சாப்பிடுங்கம்மா' என்று சொல்லிக் கொடுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். சர்க்கரை நோய் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. படம் எடுக்காதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். பசியோடு இருப்பவரின் முகம் உங்கள் செல்போனுக்கானது இல்லை. வாங்குகிறவர் என்ன சாதி, என்ன மதம், குடிப்பவரா, ஏமாற்றுகிறவரா என்ற விசாரணையும் வேண்டாம். தேசம், சமயம், சாதி, செய்கை எதையும் விசாரிக்காமல் பசியை ஆற்றச் சொன்னார் வள்ளலார்.

ஒன்றை மறக்கக் கூடாது. தன் குடும்பத்தைப் பட்டினி போட்டு ஊருக்குச் சோறு போடுவது கடவுளுக்குச் சம்மதமில்லை என்பதும் அவர் கருத்துதான். கடன் வாங்கி அன்னதானம் செய்யாதீர்கள். மனைவி முகத்தைச் சுளிக்கச் சுளிக்க அரிசி மூட்டையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வீட்டில் பேசி, முடிந்ததைச் செய்யுங்கள். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் வரும்போது ஆடம்பரத்தைக் குறைத்து அந்தப் பணத்தைப் பசிக்கு ஒதுக்கலாம்.

பசிக்கு அப்புறம் என்ன?

உயிர்களுக்கு வரும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை (வறுமை, இயலாமை), பயம், கொலை என்று ஏழாக வகுத்தார் வள்ளலார். இவற்றில் பசியும் கொலையும் முதன்மை. சில வாரம் சோறு கொடுத்த பிறகு மற்றவையும் தானாகவே கண்ணில் படத் தொடங்கும். கோடையில் வாசலில் ஒரு மண்பானைத் தண்ணீர், மொட்டை மாடியில் பறவைகளுக்கு ஒரு கிண்ணம், இவை தாகத்துக்கு. வங்கிப் படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்பவருக்கு எழுதிக் கொடுப்பது எளிமைக்கு.

பயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. காவல் நிலையத்துக்கோ, பெரிய ஆஸ்பத்திரிக்கோ, மகனின் கல்லூரி அலுவலகத்துக்கோ தனியாகப் போகப் பயந்து நாட்களைத் தள்ளிக்கொண்டிருப்பவர்கள் நம் பக்கத்து வீட்டிலேயே இருப்பார்கள். 'நான் கூட வர்றேன்க்கா' என்று அரை நாள் ஒதுக்குங்கள். இந்தக் காலத்தில் இது சோறு போடுவதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

உங்கள் தட்டு

கொலையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் தட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். வடலூர் ஞானசபையின் வாசலில் கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே புக வேண்டும் என்று எழுதியிருக்கும். இதில் வள்ளலார் விட்டுக்கொடுக்கவே இல்லை. அதனால் நானும் மழுப்பப் போவதில்லை. புலால் உணவை விட வேண்டும்.

ஒரே நாளில் விட முடிந்தவர்கள் விடுங்கள். முடியாதவர்கள் வீட்டில் சமைப்பதை முதலில் நிறுத்தி, அப்புறம் வெளியில் சாப்பிடுவதை நிறுத்தலாம். பருப்பு, சுண்டல், பயறு, நிலக்கடலை, கீரை எல்லாம் தட்டில் கூடட்டும். இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் உடம்பு தளர்ந்து, சைவம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லத் தோன்றும். சிக்கல் வீட்டில்தான் வரும். அம்மா மீன் குழம்பு வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். 'எனக்கு ரசம் போதும்மா' என்று சொல்லிவிட்டு அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பிடுகிறவர்களைப் பார்த்துப் பாவம் செய்கிறாய் என்று பேசினால், உயிர் இரக்கம் பேசிக்கொண்டே பெற்றவளின் மனதைப் புண்படுத்தியதாகிவிடும். புலால் உண்பவர்களுக்கும் பசி ஆற்றச் சொன்னவர் வள்ளலார். சைவம் என்பதைச் சாதிப் பெருமையாக ஆக்கிக்கொள்கிறவர்கள் சிலர் உண்டு. அது சன்மார்க்கத்தோடு ஒட்டாது.

கண், காது, வாய், அப்புறம் செல்போன்

ஒழுக்கத்தை வள்ளலார் நான்காகச் சொன்னார்: இந்திரிய ஒழுக்கம், கரண ஒழுக்கம், ஜீவ ஒழுக்கம், ஆன்ம ஒழுக்கம். முதல் இரண்டும் நம் முயற்சியால் கைகூடும், பின்னிரண்டுக்குத் திருவருள் துணை வேண்டும் என்பது அவர் கணக்கு. புதியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சாதிக்க வேண்டியதில்லை.

இந்திரிய ஒழுக்கம் என்பது கொடிய சொல் கேட்காமலும், கொடுமையைக் கண்டு ரசிக்காமலும், பொய், கோள், கடுஞ்சொல் பேசாமலும் இருப்பது. இன்றைக்கு இவை எல்லாமே செல்போன் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. விபத்தில் அடிபட்டவரின் வீடியோ வந்தால் திறக்காதீர்கள், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். ஒரு சாதியையோ மதத்தையோ இழிவு செய்யும் செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தால், பெரியப்பாவே போட்டிருந்தாலும் அதற்குக் கைதட்டாதீர்கள். குழுவில் சண்டை போடவும் வேண்டாம். தனியாக அழைத்து, 'பெரியப்பா, இது மனசுக்குச் சரியாப்படல' என்று மரியாதையாகச் சொல்லலாம். காலையில் எழுந்ததும் முதல் ஒரு மணி நேரம் செல்போனைத் தொடாமல் இருக்க முடிந்தால் மனக் கலக்கத்தில் பாதி குறையும். இது நான் கண்ட உண்மை.

கரண ஒழுக்கம் மனதைச் சேர்ந்தது. பிறர் குற்றத்தை விசாரிக்காமல் இருப்பது, தன்னைப் பெரிதாக மதிக்காமல் இருப்பது, கோபத்தை விடுவது. இதில் கஷ்டமானது முதலாவதுதான். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அங்கே இல்லாத ஒருவரைப் பற்றியே பேச்சு ஓடும். எழுந்து போனால் திமிர் என்பார்கள். அப்படியே உட்கார்ந்து பேச்சை மட்டும் மாற்றப் பழகுங்கள், நாளடைவில் கைவரும்.

ஜீவ ஒழுக்கம் என்றால் எல்லா மனிதரையும் சாதி, சமயம், குலம் என்று பிரிக்காமல் தன்னைப் போலப் பார்ப்பது. அருள் துணை வரட்டும் என்று இதில் சும்மா இருந்துவிட முடியாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறீர்களா? வீடு வாடகைக்கு விடும்போது சாதி கேட்கிறீர்களா? மகள் விரும்பிய பையனின் ஊரை விசாரிக்கிற சாக்கில் எதை விசாரிக்கிறீர்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சரியாக இருந்தால்தான் வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதி அகவலைப் படிப்பதில் பொருள் உண்டு.

காலையும் மாலையும்

சோறும் ஒழுக்கமும் ஓரளவு பிடிபட்ட பிறகு வழிபாட்டுக்கு வாருங்கள். இப்போது உட்கார்ந்தால் மனம் நிற்கும். விடியும் முன் எழுந்து, திருநீறு இட்டு, சிறிது நேரம் கடவுளை நினைத்து உட்காருவதை வள்ளலார் அன்றாட ஒழுங்குகளைச் சொல்லும் தம் நித்திய கரும விதியில் வைத்திருக்கிறார். ஒரு விளக்கு போதும். 1873-ஆம் ஆண்டின் கடைசியில், வடலூருக்கு அருகே மேட்டுக்குப்பத்தில் தாம் தங்கியிருந்த சித்திவளாகத்தில் தம் அறைக்குள் இருந்த விளக்கை வெளியே வைத்து, இதை வழிபட்டு வாருங்கள் என்று அன்பர்களிடம் சொன்னார். அந்த வழக்கத்தில்தான் இன்றும் சன்மார்க்கிகள் வீட்டில் தீபம் மட்டும் வைத்து வழிபடுகிறார்கள். 'அருட்பெருஞ்ஜோதி அருட்பெருஞ்ஜோதி தனிப்பெருங்கருணை அருட்பெருஞ்ஜோதி' என்ற மந்திரத்தை வாய்க்குள் மெதுவாகச் சொல்லுங்கள். அருட்பெருஞ்ஜோதி அகவல் 1596 அடிகள் கொண்டது. ஒரே அமர்வில் முழுதும் படிக்கப் போய் மலைக்க வேண்டாம். தினம் இருபது முப்பது அடி, பொருள் தெரிந்து படித்தால் போதும்.

கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் ஆகியவற்றைக் காலையில் சேர்த்துக்கொள்ளச் சொன்னதும் அந்த விதியில் உண்டு. சன்மார்க்க சங்கங்களில் பொடியாகவே கிடைக்கும். தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஆகாரம் அரை, நித்திரை அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு), பயம் பூஜ்யம் என்ற அளவும் அவர் சொன்னதுதான். தூக்கத்தை முரட்டுத்தனமாகக் குறைத்துக்கொண்டு, பகலெல்லாம் எரிந்து விழுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த அளவு முதிர்ந்தவர்களுக்கு. நீங்கள் இரவில் சீக்கிரம் படுத்து, நன்றாகத் தூங்கி, விடியும் முன் எழுந்தால் இப்போதைக்குப் போதும்.

மாலையில் ஐந்து நிமிட விசாரணை. 1854-இல் வெளிவந்த வள்ளலாரின் உரைநடை நூலான மனுமுறை கண்ட வாசகத்தில், தன் மகன் தேரோட்டிக் கன்றைக் கொன்ற செய்தி கேட்ட சோழ மன்னன், என்ன பாவம் செய்தேனோ என்று நெடுகப் புலம்புகிறான். நல்லோர் மனதை நடுங்கச் செய்தேனோ, தானம் கொடுப்போரைத் தடுத்தேனோ, ஏழை வயிறு எரியச் செய்தேனோ என்று அது நீண்டு போகும். இவற்றிலிருந்து இரண்டு மூன்றை எடுத்து அன்றைய நாளோடு பொருத்திப் பாருங்கள். வேலையாளின் சம்பளத்தை 'நாளைக்கு வா' என்று தள்ளினேனா? கீரை விற்கும் ஆயாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசினேனா? கீழே வேலை செய்யும் தம்பியை எல்லோர் முன்னாலும் திட்டினேனா? விடை தெரிந்தால் மறுநாளே சரிசெய்யுங்கள். சம்பளத்தைக் கொடுங்கள், மன்னிப்புக் கேளுங்கள். நினைத்து நினைத்து அழுதுகொண்டிருப்பது விசாரணை ஆகாது.

எச்சரிக்கை ஒன்று

மரணமிலாப் பெருவாழ்வு என்ற சொல்லைக் கேட்டு ஈர்க்கப்பட்டு வருகிறவர்கள் உண்டு. அதைக் காட்டிப் பணம் கேட்பவர்களும், தனி வகுப்பு, ரகசியப் பயிற்சி, நோய் தீர்க்கும் சக்தி என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். வள்ளலார் பெயரைச் சொன்னாலும் அவர்களிடம் போகாதீர்கள். மருந்தை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து உடனே விலகுங்கள். நல்ல சங்கத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி, அங்கே அடுப்பு எரிகிறதா, எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பது. அப்புறம் பாத்திரம் கழுவப் போய் நில்லுங்கள். பேச்சை விட அங்கே அதிகம் தெரிந்துவிடும்.

வடலூருக்குப் போகும்போது

சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் பண்ருட்டி, நெய்வேலி தாண்டி வடலூர் வரும். கடலூர் - விருத்தாசலம் ரயில் பாதையில் நிலையமும் உண்டு. தைப்பூசத்தன்று ஞானசபையில் ஜோதியை மறைத்திருக்கும் ஏழு திரைகளையும் விலக்கி ஜோதி காட்டுவார்கள். லட்சக்கணக்கில் கூட்டம் வரும், கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் முதல்முறை போக அது சரியான நாள் இல்லை. மாதந்தோறும் பூச நட்சத்திரத்தில் ஆறு திரை விலக்கிக் காட்டுவார்கள், அதுவும் நல்ல தரிசனம்தான். சாதாரண நாளில் போனால் தருமச்சாலையில் ஆற அமர நிற்கலாம். வள்ளலார் மூட்டிய அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. மூன்று வேளையும் வருகிறவர்களுக்குச் சாப்பாடு உண்டு. அங்கிருந்து மேட்டுக்குப்பம் பக்கம்தான். 1874 ஜனவரி 30 அன்று வள்ளலார் உட்புகுந்து தாளிட்டுக்கொண்ட சித்திவளாக அறை அங்கே இருக்கிறது.

கையை வீசிக்கொண்டு போக வேண்டாம். பிடியரிசிப் பானையில் சேர்ந்ததை எடுத்துப் போங்கள். பருப்போ எண்ணெயோ காய்கறியோ வாங்கிப் போவதாக இருந்தால், அன்றைக்கு எது குறைவாக இருக்கிறது என்று தருமச்சாலையில் இருக்கும் அன்பர்களிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். எல்லோரும் அரிசியே கொண்டு வந்தால் குழம்புக்கு என்ன செய்வார்கள்? சாப்பிட்டு முடித்ததும் கிளம்பிவிடாமல், அடுத்த பந்திக்குப் பரிமாற ஆள் வேண்டுமா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள்.